போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போனால் எங்கள் பள்ளி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்பதால் பிள்ளைகள் இங்கேயே தங்கிப் படிப்பவர்கள். 2020 மார்ச் மூன்றாவது வாரத்தில், கொரோனாவால் விடுதியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள், "லீவு எத்தனை நாள் டீச்சர்?" என்று கேட்டார்கள். பதினைந்து நாள் என்று சொன்னேன். நான் நம்பித்தான் சொன்னேன்.

அந்த ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு வரவேண்டிய 38 பிள்ளைகள் 14 சிற்றூர்களில் சிதறிப் போனார்கள். சில ஊர்களுக்குப் பேருந்தே கிடையாது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது, பாடங்களும் நன்றாக இருந்தன. ஆனால் கேபிள் வயர் எட்டாத வீடுகளில் அதைப் பார்க்க வழியில்லை. நான் அறிவியல் ஆசிரியை. எனக்குத் தெரிந்த ஒரே வழி வாட்ஸ்அப் குழு. ஒன்றைத் தொடங்கினேன்.

முதல் மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைக்கும் மழை விடுமுறை, தேர்தல் விடுமுறை என்று வரும்போது இதே தப்பைப் பலரும் செய்வதைப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்கு கூகுள் மீட்டில் நேரலை வகுப்பு வைத்தேன். 38 பேரில் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் நான்கு பேர். அதிலும் ஒருத்தியின் முகம் உறைந்து உறைந்து நின்றது. அவள் வீட்டில் சிக்னல் கிடையாது, ஊருக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி உட்கார்ந்து வகுப்பைப் பார்த்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. வெயிலில் போன் திரை தெரியாததால் அம்மாவின் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

ஜூலையில் பாடநூல் வாங்கவும், சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பு வாங்கவும் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள். அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். "போன் இருக்கா?" என்று மட்டும் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வரிசையில் மூன்றாவதாக வந்த அம்மா, "இருக்குது டீச்சரம்மா, ஆனா அது அவுரு கூடவே போயிடும்" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு நான்கு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: போன் யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், ரீசார்ஜ் என்றைக்கு முடியும், சிக்னல் எங்கே கிடைக்கும்.

சாயங்காலம் கணக்கைக் கூட்டினேன். வாட்ஸ்அப் உள்ள தொடுதிரை போன் 21 வீடுகளில் இருந்தது. 12 வீடுகளில் பட்டன் போன், ஐந்து வீடுகளில் ஒன்றுமே இல்லை. அந்த 21-லும் பகல் நேரத்தில் வீட்டிலேயே இருக்கும் போன் வெறும் நான்கு. மற்றவை அப்பாவோடு நூறு நாள் வேலைக்கும், அண்ணனோடு திருவண்ணாமலைக்கும், சித்தப்பாவோடு மர வேலைக்கும் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்புபவை. நான் பத்து மணிக்கு வகுப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

நாடு முழுக்க இதே கதைதான் என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். கிராமப்புறப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் 2018-ல் 36.5 விழுக்காடாக இருந்தது, 2020-ல் 61.8 விழுக்காடானது என்று, கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வு சொன்னது. கேட்க நல்ல வளர்ச்சிதான். ஆனால் வீட்டில் போன் இருப்பதற்கும் பிள்ளை கையில் இருப்பதற்கும் நடுவே ஒரு முழுப் பகல் கிடக்கிறது. பெண் பிள்ளை என்றால் இன்னும் தூரம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. எங்கள் வகுப்பிலும் ஒரே வீட்டில் அண்ணன், தங்கை இருவரும் படித்தால் போன் முதலில் அண்ணனுக்குத்தான் போனது. தங்கை முறை வரும்போது சார்ஜ் இருக்காது.

ஆகஸ்ட் மாதம் முழுசாக மாற்றினேன். நேரலை வகுப்பை நிறுத்தினேன். பாடம் இரவு ஏழு மணிக்குப் போகும். மூன்று நிமிடத்துக்கு மிகாத ஒரு குரல்பதிவு, ஒரு படம், மூன்று கேள்வி. அவ்வளவுதான். பதில் அனுப்ப இரண்டு முழு நாள் அவகாசம். அன்றே அனுப்பு என்று சொன்னால், போனை அப்பா கொண்டுபோய்விட்ட பிள்ளை தோற்றுப்போகும்.

குரல்பதிவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நிமிடப் பதிவு கால் எம்.பி. கூட வராது, சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இறங்கிவிடும். ஒருமுறை இறங்கிவிட்டால் டேட்டா தீர்ந்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். 2018-லிருந்து ஜியோ பட்டன் போனிலும் வாட்ஸ்அப் வந்திருந்ததால், பட்டன் போன் இருந்த 12 வீடுகளில் மூன்று வீடுகளும் இதற்குள் வந்தன. பாடநூலில் க்யூ.ஆர். குறியீடு இருக்கிறதே, அதை ஸ்கேன் செய்தால் காணொளி வருமே என்று சக ஆசிரியர் கேட்டார். நல்ல ஏற்பாடுதான், நானும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆனால் புதுச் செயலி என்றால் இடம் வேண்டும், காணொளி பார்க்க டேட்டா வேண்டும். வாட்ஸ்அப்போ அந்த வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. பெங்களூரில் வேலை செய்யும் மகனோடு பேச, படிக்கத் தெரியாத அம்மாவும் மைக் படத்தை அழுத்தப் பழகியிருந்தார். அந்தப் பழக்கத்தின் மேல் ஏறித்தான் எங்கள் பாடம் போனது.

குரல்பதிவில் பாடம் நடத்துவது தனிக் கலை. கரும்பலகை கிடையாது, கேட்கும் பிள்ளையின் கண்ணைப் பார்க்க முடியாது. அதனால் பிள்ளையின் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஒளிப் பாடத்தில் குழியாடி, குவியாடி வந்தபோது நான் இப்படித் தொடங்கினேன்: "சமையல் பக்கம் போய் ஒரு எவர்சில்வர் கரண்டி எடுத்துட்டு வா. பதிவை நிறுத்திட்டுப் போ, நான் காத்திருக்கேன். எடுத்துட்டியா? இப்ப குழிக்குள்ள பாரு. திருப்பி முதுகுல பாரு. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு." அன்று இரவு எட்டரை மணிக்கு மேல் வரிசையாகப் பதில்கள் வந்தன. "டீச்சர், குழிக்குள்ள நான் தலைகீழா தொங்குறேன். முதுகுல நேரா இருக்கேன், ஆனா சின்னதா இருக்கேன்." இன்னொருவன் கரண்டியைக் கண்ணுக்கு ஒட்டிக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கிட்ட வச்சா கண்ணு பெருசாத் தெரியுது டீச்சர், அப்ப தலைகீழா இல்ல" என்றான். குவியத்துக்கு உள்ளே பொருளை வைத்தால் நேரான, பெரிய பிம்பம் என்று அடுத்த நாள் நான் சொல்லவிருந்ததை அவனே கண்டுபிடித்துவிட்டான். அவன் பதிவை அவனைக் கேட்டுக்கொண்டு குழுவில் போட்டேன். மறுநாள் பாடத்தை அவன்தான் நடத்தினான் என்று சொல்வேன்.

வீட்டுப்பாடத்திலும் ஒன்றைக் கற்றேன். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பாதிப் படங்கள் மங்கல், பாதியில் விரல் நிழல். ஒரு நாள் ஓர் அம்மாவின் பதிவு வந்தது. பின்னால் கோழி கூவுகிறது. "டீச்சரம்மா, பாப்பா எழுதிட்டா. போட்டோ எடுக்க எனக்கு வரல. அவளே சொல்றா, கேளுங்க." பிறகு அந்தப் பிள்ளை மூன்று கேள்விக்கும் வாயாலேயே பதில் சொன்னாள். வகுப்பில் ஒரு வருஷமாக வாய் திறக்காத பிள்ளை அவள். அன்றிலிருந்து எழுத்து, பேச்சு இரண்டில் எது வேண்டுமானாலும் பதிலாக ஏற்றுக்கொண்டேன். படம் அனுப்புபவர்களுக்கு ஒரே அறிவுரை: காலையில் வாசல்படியில் நோட்டை வைத்து, நேர் மேலிருந்து எடு. அதற்குப் பிறகு திருத்துவது எளிதாயிற்று. படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

பட்டன் போன் மட்டுமே உள்ள ஒன்பது வீடுகளுக்கு கான்பரன்ஸ் கால். ஒரே அழைப்பில் நாலைந்து பேரைச் சேர்க்கலாம். வாரத்தில் இரண்டு இரவு, இருபது நிமிடம். போனே இல்லாத ஐந்து வீடுகளுக்கு அந்தந்த ஊரில் ஒரு துணை வீடு பார்த்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஊரில் இருந்த பழைய மாணவிகள் இரண்டு பேர் தங்கள் வீட்டுத் திண்ணையில் போனை வைத்துப் பிள்ளைகளைக் கேட்க வைத்தார்கள். கேள்விகளைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கடையில் கொடுத்துவைப்பேன், அரிசி வாங்க வருபவர்கள் எடுத்துப்போவார்கள். தன்னார்வலர்கள் ஊரிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் அரசு தொடங்கியதும் எனக்கு இந்தத் திண்ணைகள்தான் ஞாபகம் வந்தன. அந்த இருவரில் ஒருத்தி அதில் தன்னார்வலராகச் சேர்ந்தாள்.

இனி நான் வருத்தப்படும் ஒன்று.

செப்டம்பரில், பதில் அனுப்பியவர்கள், அனுப்பாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் குழுவில் ஏற்றினேன். அனுப்பாதவர் பெயருக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி. பிள்ளைகளைத் தூண்டிவிடும் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு தந்தை குழுவை விட்டு வெளியேறினார். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "படிக்காதவன் வூட்டுப் பொண்ணுன்னு ஊருக்கே காட்டிட்டீங்களே டீச்சர்." அந்த வாரம் அவர் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்தது. என் நோட்டிலேயே அந்தத் தேதி இருந்தது. எழுதி வைத்த நான் அதைப் பார்க்கவில்லை. அங்கேயே வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் திரும்ப வந்தாள், அவர் திரும்பக் குழுவில் சேரவில்லை. அதன் பிறகு குழுவில் பாராட்டு மட்டும்தான். கேட்க வேண்டியதைத் தனியாக, போன் செய்துதான் கேட்பேன்.

ரீசார்ஜ் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இடைவெளி உண்மையில் திறப்பது இங்கேதான். தினம் ஒன்றரை ஜி.பி., 28 நாள் என்ற திட்டத்தைத்தான் இங்கே பலரும் போட்டார்கள். 2020-ல் ஜியோவில் அது 199 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 256. பணம் இருக்கும் மாதம் போடுவார்கள், இல்லாத மாதம் விட்டுவிடுவார்கள். 21 வீடுகளில் 11 வீடுகள் அப்படி. வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்களிடம் கேட்டேன். மாதம் 2,189 ரூபாய், பதினொரு பேர் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு எண். பணமாகக் கொடுக்கவில்லை, நேராக ரீசார்ஜ் செய்தார்கள். யார் யாருக்குப் போடுகிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதே திட்டம் 2021 டிசம்பரில் 239 ஆயிற்று, 2024 ஜூலையில் 299. இதைச் செய்ய நினைப்பவர்கள் விலை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பாதியில் நின்றால் பிள்ளைக்கு வலிக்கும்.

டேட்டா வீணாவதையும் தடுக்கலாம். பெற்றோர் போனில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்கும் வசதியை அணைத்துக் கொடுத்தேன். பாடநூல் வாங்க வந்த அன்றே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். காலை வணக்கப் பூக்கள் நிரம்பி, பாடம் இறங்க இடமில்லாமல் போன போன்கள் நிறைய.

பாதுகாப்பில் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. குழுவில் எண்கள் எல்லாருக்கும் தெரியும் அல்லவா? ஒரு பெண் பிள்ளைக்கு இரவில் தெரியாத எண்ணிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. அவள் பாட்டி என்னிடம் சொல்லும்போதே, இனிமேல் போன் தர மாட்டோம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவள் படிப்பு அந்த முடிவில் தொங்கியது. ஆண், பெண் குழுக்களைப் பிரித்தேன். அட்மின் மட்டுமே செய்தி போடும்படி மாற்றினேன். பதில்கள் எனக்குத் தனியாக வரும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் அம்மாவோ பாட்டியோ எந்த எண்ணைச் சொல்கிறார்களோ அதைத்தான் சேர்த்தேன். இப்போது இதற்கு நல்ல வழி வந்துவிட்டது. 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. பள்ளி அறிவிப்புகளுக்கு இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் சேனலில் பதிவுகள் 30 நாள்தான் நிற்கும், எனவே பாடங்களைத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும்.

இலவச லேப்டாப் தருகிறோம் என்று ஒரு இணைப்பும் வந்தது. பெற்றோர் ஒருவர் நல்ல மனதோடு அனுப்பியதுதான். தமிழக அரசு 2011 முதல் லேப்டாப் கொடுத்து வந்ததால் நம்புவது இயல்பு. இணைப்பைத் திறந்தால் வங்கிக் கணக்கு எண் கேட்டது. நல்லவேளை யாரும் கொடுக்கவில்லை. எந்தத் திட்டமானாலும் டீச்சரிடம் கேட்காமல் இணைப்பைத் தொடாதே என்று குரல்பதிவு போட்டேன். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய் என்பதையும் சேர்த்து, அதை இப்போதும் ஒவ்வொரு ஜூன் மாதமும் போடுகிறேன்.

2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு திறந்தது, மார்ச்சில் மறுபடி மூடியது. செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன். கேட்டு வளர்ந்த பிள்ளைகள் காரணம் சொல்வதில் தேறியிருந்தார்கள். எழுத்து மிகவும் பின்தங்கியிருந்தது. ஒரு பத்தி எழுத அரை மணி நேரம் ஆனது. குரல்பதிவு எழுத்துக்கு ஈடாகாது, அதை மறைக்கக் கூடாது. மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு பக்கமாவது கையால் எழுத வைத்து, காகிதமாகவே வாங்குவேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2020 நவம்பரில் அவன் பதில்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் வரத் தொடங்கின. பின்னால் ஒரே இரைச்சல். மூன்று நாள் கேட்டுவிட்டுப் போன் செய்தேன். அண்ணனோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறான். "ஷிப்ட் முடிஞ்சு அண்ணன் போன் கொடுக்கும் டீச்சர். அப்பதான் கேப்பேன்." திட்டவில்லை. அவன் ஒருவனுக்காக மட்டும், ஒவ்வொரு வாரமும் விட்டுப்போன பாடங்களை ஐந்து நிமிடத்தில் தொகுத்து ஞாயிறு காலையில் அனுப்பினேன். ஞாயிறு அவர்களுக்கு லீவு. அந்தச் சிறு நூல் அறுந்துபோகாமல் இருந்ததால்தான், பள்ளி திறந்ததும் அவன் அம்மாவும் நானும் பேசி அவனைத் திருப்பிக் கூட்டிவர முடிந்தது. 2022 மே மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான். அவனோடு திருப்பூருக்குப் போன இன்னொருவன் முதல் வாரமே பதில் அனுப்புவதை நிறுத்தியிருந்தான். அவன் வரவில்லை. அப்போது மூன்று நாள் மௌனம் என்றால் போன் செய்ய வேண்டும் என்ற விதி என்னிடம் இல்லை.

இப்போது எங்கள் குழுக்களுக்கு வேலை வேறு. வீட்டிலிருந்தே அரசுப் பள்ளிக்குப் போய்வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வுக்காகத் தினம் ஒரு கேள்வி. தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும், எங்கள் வீடுகளில் அது பிள்ளையைப் படிப்பில் நிறுத்தி வைக்கும் தொகை. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் எந்த நாள் போகலாம், புதுமைப்பெண் பணம் வர வங்கிக் கணக்கோடு ஆதாரை எப்படி இணைப்பது, இப்படிப்பட்ட செய்திகள். பட்டணத்துப் பிள்ளைக்கு இவையெல்லாம் தானாகக் காதில் விழும். மலைக்கு யாராவது அனுப்பினால்தான் வரும்.

திருப்பூரிலிருந்து வந்தவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவன் ஊர்க் குழுவுக்கு அவன்தான் அட்மின். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், ஆறு வீட்டுப் போன். போன வாரம் இரவு ஏழு மணிக்கு அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு: "டீச்சர், மூணு வூட்ல இருபதாம் தேதி ரீசார்ஜ் முடியுது. அந்த வாரக் கேள்வியெல்லாம் பத்தொம்போதாம் தேதியே அனுப்பிடட்டுமா? இறங்கிட்டா அவங்க பாட்டுக்குப் பாத்துப்பாங்க."